சன்ஷேடில் குளவி, ஜன்னலில் குளவி, பனையில் கதண்டு: எதைக் கலைப்பது, எதை விடுவது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். மாடிப்படிக்கு மேலே சன்ஷேடின் அடியில் சாம்பல் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கூடு இருக்கிறது. அடிப்பக்கம் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது, இருபது முப்பது பூச்சிகள் உட்கார்ந்திருக்கின்றன. பூஜை அறை ஜன்னல் சட்டத்தில் மண்ணால் கட்டிய இன்னொரு கூடு. மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் குளவிக் கூட்டைக் கலைக்கக் கூடாது என்று அம்மா தடுக்கிறார். இரவில் மண்ணெண்ணெய்த் துணியைக் கம்பில் சுற்றிக் கொளுத்திவிடலாமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பக்கத்துக் காலி மனையில் நிற்கும் பனையிலும் பந்து போல ஏதோ பெரிதாகத் தொங்குகிறது, நம் இடம் இல்லை என்பதால் அதைக் கண்டுகொள்ளவில்லை என்று. உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது அந்த வரிதான்.

காவிரிப் படுகை மாவட்டங்களில் தீயணைப்பு வீரராகச் சேர்ந்து நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். இருபத்தொன்பது ஆண்டுகளில் தீயை அணைத்ததற்கு இணையாகப் பாம்பு பிடிக்கவும், கதண்டு என்கிற பெரிய குளவியின் கூட்டை அழிக்கவும் போயிருக்கிறேன். பூச்சியியல் படித்தவன் அல்ல, மருத்துவனும் அல்ல. கொட்டுப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் என்ற அளவில்தான் மருத்துவம் பேசுவேன். உங்கள் கூடுகளை நேரில் பார்க்கவும் இல்லை. நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் பூஜை அறை. அங்கே உங்கள் அம்மா சொல்வதையே கேளுங்கள். மண் குளவிக்குக் கூட்டமும் இல்லை, காவலும் இல்லை. ஒற்றைப் பெண் குளவி ஈர மண்ணை உருட்டி வந்து அறை கட்டும். சிலந்தியையோ பச்சைப் புழுவையோ கொட்டி அசைவற்றதாக்கி உள்ளே வைத்து, முட்டையிட்டு, வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போய்விடும். கூட்டைத் தொட்டால்கூடப் பெரும்பாலும் உங்களைக் கொட்ட வராது. கையில் வைத்து நசுக்கினால்தான் கொட்டும். புழு உள்ளே போகிறது, சில வாரங்களில் குளவி வெளியே வருகிறது என்பதைப் பார்த்துத்தான் 'கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்று நம் முன்னோர் சொன்னார்கள். பார்த்தது சரி, கணக்குத்தான் தவறு. உள்ளே போன புழு குளவியாவதில்லை, குளவிக் குஞ்சுக்குச் சோறாகிறது. கர்ப்பிணி வீட்டு நம்பிக்கையும் அந்த மூடிய மண் அறைக்குள் ஓர் உயிர் வளர்வதைப் பார்த்துப் பிறந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. எப்படியோ, அந்த நம்பிக்கை மண் கூட்டைப் பற்றியது. சன்ஷேடில் தொங்குவதற்கோ பனையில் தொங்குவதற்கோ அது பொருந்தாது என்பதை அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மண் குளவி விஷயத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை, துளைகள். கேஸ் கீசரின் புகைப்போக்கி, தண்ணீர்த் தொட்டியின் வழிகுழாய், பயன்படுத்தாத பிளக் ஓட்டை எதையும் அது விடாது. 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டாவில் கிளம்பிய ஒரு போயிங் 757 விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். வேகத்தை அளக்கும் குழாய் அடைபட்டதால் விமானிகளுக்குத் தவறான வேகம் காட்டியிருக்கிறது. அடைத்தது மண் குளவியாக இருக்கலாம் என்பது விசாரணை செய்தவர்களின் சந்தேகம். அந்தக் குழாய் மீட்கப்படாததால் அது சந்தேகமாகவே நின்றுவிட்டது. உங்கள் வீட்டில் விமானம் இல்லை, கீசர் இருந்தால் அதன் புகைக்குழாயை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி சன்ஷேடு. மேலுறை இல்லாமல், காம்பு ஒன்றில் தொங்கி, அறுகோண அறைகள் வெளியே தெரிகின்றன என்றால் அது காகிதக் குளவி. மரநாரைச் சுரண்டி எச்சிலோடு மென்று காகிதம்போல் ஆக்கிக் கட்டுகிறது. நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் பார்ப்பது ரோப்பலிடியா மார்ஜினேட்டா என்ற இனம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடகர் பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்தவர். அவர் எழுதியவற்றில் எனக்குப் பிடித்தது ராணியின் குணம். பெயர்தான் ராணி, யாரோடும் சண்டை போடாத சாது. அவளை எடுத்துவிட்டால் வேலைக்காரிகளில் ஒருத்தி திடீரென்று எல்லாரையும் மிரட்டத் தொடங்குவாள். சில நாளில் முட்டையிட ஆரம்பித்து ராணியானதும் அவளும் சாதுவாகிவிடுவாள். நிலையத்தில் பதவி உயர்வு நேரத்தில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

இந்தக் குளவிகள் தோட்டத்துப் புழுக்களைப் பிடித்துத் தின்பவை. ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் இருந்தால் விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். உங்கள் கூடு மாடிப்படிக்கு மேல், தலைக்கு இரண்டு அடி உயரத்தில் இருக்கிறது. துணி காயப்போட மனைவி அந்த வழியாகத்தான் போகிறார். கொடியை இன்றே கீழே மாற்றுங்கள், அதற்குச் செலவில்லை. அதன்பிறகு அந்தக் கூட்டை எடுத்துவிடுவதுதான் என் முடிவு. எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன், முதலில் பனைக்கு வருவோம்.

பந்து போல, அல்லது தலைகீழ்ப் பேரிக்காய் போல, மேலே காகித உறை மூடி, சிப்பி சிப்பியாக வரிகளோடு, பக்கவாட்டில் ஒரே ஒரு வாசலோடு இருந்தால் அது கதண்டு. மேற்கிலும் தெற்கிலும் கடந்தை என்பார்கள். பத்திரிகைக்காரர்கள் விஷ வண்டு என்று எழுதுவார்கள், ஆனால் அது வண்டு அல்ல, பெரிய குளவி. உடல் கறுப்பு, வயிற்றின் முன்பகுதியில் அகலமாக ஆரஞ்சுப் பட்டை, நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். இனிப்பு என்றால் உயிர். பதநீர்க் கலயத்தை மொய்க்கும், பழுத்த மாம்பழத்தில் இருக்கும், கறிக்கடையிலும் வந்து இறைச்சித் துணுக்கைக் கத்தரித்துப் போகும். அப்படித் தனியே இரை தேடும் கதண்டு உங்களைச் சீண்டாது. கூட்டுக்கு அருகில் மட்டும் அது வேறு பிராணி. கூடு அசைந்தால் நூற்றுக்கணக்கில் கிளம்பும். கொட்டும்போது வெளியாகும் விஷத்திலேயே மற்றவற்றை அழைக்கும் வாசனை கலந்திருக்கிறது. கூட்டருகே ஒன்றை அடித்து நசுக்கினாலும் அதே அழைப்புதான். தேனீயைப் போலக் கொடுக்கை விட்டுவிட்டுச் சாவதில்லை, ஒரே கதண்டு பலமுறை கொட்டும்.

நான் போன அழைப்புகளில் பெரும்பாலானவற்றில் கூட்டை யாரும் வேண்டுமென்று தொட்டிருக்கவில்லை. சவ ஊர்வலத்தில் வெடி போட்டிருப்பார்கள். வாய்க்கால் கரையைச் சுத்தம் செய்யும் நூறு நாள் வேலைக்காரர்களின் அரிவாள் புதரில் பட்டிருக்கும். பையன் மாங்காய்க்குக் கல் எறிந்திருப்பான். காற்றில் காய்ந்த மட்டை ஒன்று கூட்டின்மேல் விழுந்திருக்கும். உங்கள் பக்கத்து மனை விஷயமும் அப்படித்தான். 'நம் இடம் இல்லை' என்பது பட்டாவில் சரி, கதண்டுக்குப் பட்டா தெரியாது. இன்றே 101 எண்ணுக்கோ 112 எண்ணுக்கோ சொல்லுங்கள். அடுத்தவர் மனை என்பதால் தயங்க வேண்டாம். மனைக்காரருக்கும் தெருக்காரர்களுக்கும் தகவல் சொல்லி, பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தையே வெட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கூட்டோடு மரத்தைச் சாய்ப்பதைவிட மோசமான வேலை கிடையாது.

மண்ணெண்ணெய்த் தீப்பந்தத்துக்கு வருகிறேன். 'தீயணைப்புக்காரர்களே அப்படித்தானே செய்கிறார்கள்' என்று கேட்பீர்கள். உண்மை, இரவில் நீளக் கம்பில் பந்தம் கட்டி நாங்களும் கொளுத்தியிருக்கிறோம். ஆனால் எங்களிடம் உடலை முழுதும் மூடும் உடை இருந்தது, கீழே தண்ணீர் வண்டி நின்றது, தெரு விளக்கை அணைத்து ஆட்களை உள்ளே அனுப்பியிருந்தோம். அத்தனையும் இருந்தும் ஒருமுறை எரிந்த பனையோலை காற்றில் பறந்து வைக்கோல் போரில் விழுந்தது. கதண்டுக்கு வந்தவர்கள் விடியும்வரை தீயை அணைத்துக்கொண்டிருந்தோம். நாங்கள் செய்ததைப் பார்த்துத்தான் ஊர்க்காரர்களும் செய்கிறார்கள் என்ற உறுத்தல் எனக்கு இன்றும் உண்டு. உங்கள் சன்ஷேடின் அடியில் மின்கம்பி போகிறது, மேலே கொடித் துணி தொங்குகிறது. எரியும் சொட்டு நேரே உங்கள் கைமேல்தான் விழும். வேண்டாம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், பகல் பதினொரு மணிக்கு, ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் போதும் என்று நினைத்து ஏணியில் ஏறினேன். யாரும் அனுப்பவில்லை, என் அவசரம்தான். கழுத்துப் பட்டைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இருந்த இரண்டு விரல் இடைவெளியில் ஏழு கொட்டு. கொட்டியதைவிட ஏணியிலிருந்து விழுந்ததுதான் பெரிய காயம், மணிக்கட்டு உடைந்தது. அன்றிலிருந்து யாருக்கும் சொல்வது: குளவிக் கூட்டுக்கு ஏணியில் ஏறாதீர்கள். ஏணியில் நிற்பவனால் ஓட முடியாது.

ஆகவே சன்ஷேடு கூட்டுக்கு வழி இதுதான். பூச்சிக்கட்டுப்பாட்டு ஆள் கிடைத்தால் அவரையே அழையுங்கள். நீங்களே செய்வதென்றால், வீட்டில் யாருக்கும் குளவியோ தேனீயோ கொட்டி உடல் முழுவதும் தடித்த அனுபவம் இருக்கக் கூடாது. இருந்தால் உங்களுக்கு இந்த வேலை இல்லை. மனைவியை அன்று மாலையே உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கொட்டு மட்டும் காரணமல்ல, மருந்து வாடையும் அவருக்கு வேண்டாம். நன்றாக இருட்டி ஒன்றிரண்டு மணி நேரம் ஆனபின் எல்லாப் பூச்சிகளும் கூட்டில் அடங்கியிருக்கும். முழுக்கை, முழுக்கால் தடித்த துணி, கையுறை, தலையையும் கழுத்தையும் சுற்றிய துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி. டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். குளவிக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, வெள்ளை விளக்கை நோக்கியோ நேரே வரும். டார்ச்சைக் கையில் பிடிக்காமல் ஓரமாக எங்காவது வைத்துவிடுவது இன்னும் நல்லது. கூட்டுக்கு நேர் கீழே நிற்காமல், பின்வாங்கும் வழி திறந்திருக்கும் பக்கம் நின்று, பறக்கும் பூச்சிகளுக்கு என்று விற்கும் ஸ்பிரேயைப் பத்துப் பதினைந்து விநாடி தொடர்ந்து அடியுங்கள். அருகில் அடுப்பும் சிகரெட்டும் கூடாது, அந்த வாயு தீப்பிடிக்கும். மீன் தொட்டி, பூனை இருந்தால் தள்ளி வையுங்கள். அடித்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். என்ன ஆயிற்று என்று நின்று பார்ப்பவர்களுக்குத்தான் கொட்டு விழுகிறது.

மறுநாள் காலை அசைவு இல்லை என்று உறுதியானபின் நீளக் கம்பால் கூட்டைத் தட்டி, பையில் கட்டி எறியுங்கள். காம்பு ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டிச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். வெளியே தங்கிவிட்ட நாலைந்து குளவிகள் இரண்டொரு நாள் அதே இடத்தைச் சுற்றும். பதறாமல் படியைத் தவிருங்கள், போய்விடும். அதன்பின் மாதம் ஒருமுறை சன்ஷேடு, மீட்டர் பெட்டி, ஏசியின் வெளிப்பெட்டி, மோட்டார் கொட்டகை இவற்றை அண்ணாந்து பாருங்கள். கட்டைவிரல் அளவில் ஒன்றிரண்டு பூச்சிகளோடு இருக்கும்போதே ஒட்டடைக்குச்சியால் தள்ளிவிட்டால் மருந்தே தேவைப்படாது.

உயரமான கட்டிடத்திலோ தண்ணீர் டேங்கிலோ ஒரே பெரிய அடையாகக் கறுத்துத் தொங்குவதையும் பலர் குளவி என்று சொல்லி அழைப்பார்கள். அது மலைத்தேனீ. நூறு மீட்டருக்கு மேலும் துரத்தும், ஆனால் பூக்காலம் முடிந்தால் தானே இடம்பெயரும். அதற்கும் தீ வைக்காதீர்கள்.

ஒருவேளை கூடு கலைந்துவிட்டால் என்ன செய்வது? 'அசையாமல் நில்' என்று சொல்வார்கள். ஒற்றைக் குளவி முகத்தைச் சுற்றும்போது அது சரி. கூட்டமாகக் கொட்டத் தொடங்கிய பிறகு நின்றால் உயிர் போகும். கண்ணையும் வாயையும் மறைத்துக்கொண்டு, கையை வீசாமல், நேரே ஓடிக் கதவுள்ள ஏதாவது ஒன்றுக்குள் நுழையுங்கள். வீடு, கார், கடை எதுவானாலும் சரி. எங்கள் பக்கம் குளத்தில் குதிப்பார்கள். மூச்சுக்குத் தலையைத் தூக்கும்போது மேலேயே அவை காத்திருக்கும். நீச்சல் தெரியாதவருக்குக் குளம் இன்னோர் ஆபத்து.

கொட்டிய பிறகு: சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வைத்து, மோதிரம், வளையல், மெட்டியை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். இரண்டாம் நாள் வீக்கம் கூடுவது சாதாரணம். ஆனால் கொட்டாத இடங்களிலும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குவது, மூச்சிரைப்பு, வாந்தி, கண் இருட்டுவது இவற்றில் ஏதாவது வந்தால் அது ஒவ்வாமை அதிர்ச்சி. ஒரே கொட்டு போதும், நிமிடங்களில் உயிரை எடுக்கும். முன்பு கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லை என்பது காப்பு அல்ல. 108ஐ அழைத்து, ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு திணறினால் மட்டும் சாய்த்து உட்காரவையுங்கள். அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை அரிப்புக்குத்தான் ஆகும், உயிரைக் காப்பாற்றாது. கர்ப்பிணிக்கும் அந்த ஊசியே முதல் சிகிச்சை என்பதை உங்கள் மனைவியின் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் படுக்கவைப்பதானால் இடப்பக்கம் ஒருக்களித்து.

பல கொட்டுகள் என்றால் கணக்கு வேறு. ஆள் தெம்பாக நடந்தாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். கதண்டு விஷம் தசையையும் ரத்த அணுக்களையும் சிதைக்கும், அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். இது உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத் தெரியும். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனாலோ, குறைந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. பாம்புக்கு இருப்பதுபோல் கதண்டுக்கு மாற்று மருந்து கிடையாது. சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை. மூன்றாம் நாள் காலைவரை திண்ணையில் வெற்றிலை போட்டுப் பேசிக்கொண்டிருந்த ஒருவரை அன்று மாலை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இதுவரை சொன்னவை நான் தயங்காமல் சொல்பவை. சந்தேகத்துக்குரியவையும் உண்டு. சுண்ணாம்பு தடவுவது ஊரெங்கும் வழக்கம். விஷம் தோலுக்குள் போய்விட்டது, மேலே பூசும் சுண்ணாம்பு அதை எட்ட வழியில்லை. தோல் வெந்து போனவர்களையும் கண்டிருக்கிறேன். எலுமிச்சைச் சாறுக்கும் இதே பதில். வேப்பிலைப் புகை சிறு கூட்டிலிருந்து குளவியை விலக்கியதாகச் சிலர் சத்தியம் செய்வார்கள். கதண்டுக்குப் புகை போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். காகிதப் பையை ஊதித் தொங்கவிட்டால் வேறு கூடு என்று நினைத்து வராது என்பதை என் வீட்டிலேயே செய்து பார்த்தேன். அடுத்த மாதம் அந்தப் பையின் பக்கத்திலேயே புதிய கூடு ஒன்று இருந்தது.

பனைக்கு ஆள் வரும் இரவில் ஜன்னல்களைச் சாத்தி விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே இருங்கள். கைபேசியில் படம் எடுக்க வெளியே நிற்பவர்களை விரட்டுவதற்கே எங்களுக்குப் பாதி நேரம் போகும்.